பெட்டிக்குள் எந்தக் கணினி?

கடைக்குக் கிளம்பும் முன் ஒரு தாளை எடுத்து, வீட்டில் எந்தெந்த ஆட்டங்களை ஆடப்போகிறீர்கள் என்று எழுதுங்கள். பத்துப் பெயர் போதும். அந்தத் தாள் இல்லாமல் மும்பையின் லேமிங்டன் ரோட்டுக் கணினிக் கடைகளுக்குள் நுழைந்தால் கடைக்காரர் எதைக் காட்டுகிறாரோ அதைத்தான் வாங்கி வருவீர்கள். வீட்டு ஆர்கேட் பெட்டி செய்ய ஆசைப்படுகிறவர்களில் பலர் பெரிய கிராபிக்ஸ் கார்டில் தொடங்குகிறார்கள். அதற்குப் பொருத்தமான மதர்போர்டு, அதற்கேற்ற எஸ்எம்பிஎஸ் (மின்வழங்கி) என்று செலவு ஏறிக்கொண்டே போய், கடைசியில் ஜாய்ஸ்டிக்குக்கு மிஞ்சுவது சொற்பம். இது தலைகீழ். பணம் கைக்கும் கண்ணுக்கும்தான் முதலில் போக வேண்டும்: கைக்கு ஜாய்ஸ்டிக்கும் பட்டன்களும், கண்ணுக்குத் திரை. கணினிக்கு மூன்றாவது இடம்தான்.

சயானிலோ தாராவியிலோ வளர்ந்து இப்போது நாற்பதைத் தாண்டிய ஒருவரின் தாளில் முதல் பெயர் பெரும்பாலும் ‘முஸ்தபா’வாக இருக்கும். காப்காம் நிறுவனம் 1993இல் வெளியிட்ட அந்த ஆட்டத்தின் உண்மையான பெயர் ‘கேடிலாக்ஸ் அண்ட் டைனோசர்ஸ்’. அதில் வரும் நான்கு பேரில் முஸ்தபா கெய்ரோ ஒருவர். வீடியோ கேம் பார்லர்களில் காய்ன் போட்டு ஆடிய பையன்கள் அவர் பெயரையே ஆட்டத்துக்கு வைத்துவிட்டார்கள். தமிழ்நாட்டிலும் அதே பெயர்தான் வழங்கியது. அடுத்து ‘ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2’ (1991), ‘மெட்டல் ஸ்லக்’ (1996), ‘கிங் ஆஃப் ஃபைட்டர்ஸ் 97’, ‘டெக்கன் 3’ (1997) வரும். அவரைவிட மூத்தவர்கள் ‘பேக்-மேன்’ (1980), ‘கலாகா’ (1981), ‘கான்ட்ரா’ (1987) என்று எழுதுவார்கள்.

எழுதிய பெயர்களுக்குப் பக்கத்தில் மூன்று விவரங்களைக் குறித்துக்கொள்ளுங்கள்: எத்தனை பேர் சேர்ந்து ஆடலாம், எத்தனை பட்டன் வேண்டும், திரை படுத்திருக்கிறதா நிமிர்ந்திருக்கிறதா. முஸ்தபாவை மூன்று பேர் ஒன்றாக ஆடலாம், ஆளுக்கு இரண்டு பட்டன். ஸ்ட்ரீட் ஃபைட்டருக்கு ஆளுக்கு ஆறு பட்டன். கிங் ஆஃப் ஃபைட்டர்ஸுக்கும் டெக்கனுக்கும் நான்கு. பேக்-மேனுக்குப் பட்டனே வேண்டாம், ஆனால் அதன் திரை நிமிர்ந்த திரை. பத்து அடிக்குப் பத்து அடி ஒற்றை அறைக் கோலியில் மூன்று பேர் தோளுரசி நிற்கும் அகலத்துக்குப் பெட்டி செய்ய முடியுமா என்பதை இந்தக் கட்டத்திலேயே யோசித்துவிட வேண்டும். முடியாது என்றால் மேசை மேல் வைக்கும் சிறிய பெட்டி, இரண்டு ஆட்டக்காரர்கள் என்று முடிவெடுங்கள். சயானின் பழைய சால் குடியிருப்புகளில் மாடிப்படி குறுகல். ஆளுயரப் பெட்டியைத் திருப்பி ஏற்ற முடியாமல் போகக்கூடும்.

புராசஸர்

பழைய ஆர்கேட் போர்டுகளின் மூளை இன்றைய கணக்கில் மிகச் சிறியது. முஸ்தபா ஓடிய காப்காம் போர்டிலும் மெட்டல் ஸ்லக் ஓடிய நியோ ஜியோ போர்டிலும் இருந்தது மோட்டோரோலா 68000 சிப். வேகம் 12 மெகாஹெர்ட்ஸ். ஒலிக்குத் தனியாக ஒரு இஸட்80. பேக்-மேனில் 3 மெகாஹெர்ட்ஸ் அளவில் ஓடிய ஒரு இஸட்80 மட்டுமே. அப்படியிருக்க, 3,000 மெகாஹெர்ட்ஸில் ஓடும் கணினி சில ஆட்டங்களில் ஏன் மூச்சு வாங்குகிறது என்ற கேள்வி நியாயமானது.

எமுலேட்டர் என்பது பழைய போர்டில் இருந்த ஒவ்வொரு சிப்பின் வேலையையும் மென்பொருளிலேயே செய்துகாட்டும் நிரல். இவற்றில் தலையாயது ‘மேம்’. இத்தாலியரான நிக்கோலா சால்மோரியா 1997 பிப்ரவரியில் அதை முதலில் வெளியிட்டார். பழைய போர்டுகள் அழிவதற்குள் அவை எப்படி இயங்கின என்பதைப் பதிவு செய்து வைப்பதே அந்தத் திட்டத்தின் நோக்கம், ஆட முடிவது அதன் பக்கவிளைவு. ஆகவே மேம் வேகத்தைவிடத் துல்லியத்தைப் பெரிதாக மதிக்கிறது. பழைய போர்டில் ஒரு சிப் சொல்லும் விடைக்காக இன்னொரு சிப் காத்திருக்கும். அந்த வரிசையைக் குலைக்காமல் நடத்த வேண்டும் என்பதால் வேலையை எட்டுக் கோர்களுக்குப் பங்கு பிரித்துக் கொடுக்க வழியில்லை. பெரும்பாலான ஆட்டங்களில் ஒரே ஒரு கோர்தான் சுமையைத் தாங்குகிறது. கடைக்காரர் ‘பன்னிரண்டு கோர்’ என்று சொல்லும்போது நீங்கள் கேட்க வேண்டியது, ஒற்றைக் கோர் எவ்வளவு வேகம் என்பதை.

மேலே எழுதிய பட்டியலுக்கு, நிறுவனங்கள் கழித்துவிட்ட அலுவலகக் கணினியே தாராளம். 2013இல் வந்த இன்டெல் கோர் ஐ5-4570 ஒற்றைக் கோரில் 3.6 கிகாஹெர்ட்ஸ் வரை போகும். முஸ்தபா, ஸ்ட்ரீட் ஃபைட்டர், நியோ ஜியோ எல்லாம் அதற்கு விளையாட்டு. பிளேஸ்டேஷன் வழிவந்த போர்டில் ஓடிய டெக்கன் 3-யும் அதில் ஓடும். டெல் ஆப்டிபிளெக்ஸ், எச்பி எலைட்டெஸ்க், லெனோவோ திங்க்சென்டர் ஆகிய மூன்று வரிசைகளிலும் இந்தத் தலைமுறை புராசஸரோ அடுத்து வந்த ஐ5-6500-ஓ உள்ள சிறிய பெட்டிகள் பழைய சரக்குக் கடைகளில் ஏராளம். தொண்ணூறுகளின் கடைசியில் வந்த அமெரிக்க முப்பரிமாண ஆட்டங்கள், குறிப்பாக மிட்வே, அட்டாரி கார்ப் பந்தயங்கள் உங்கள் தாளில் இருந்தால் மட்டும் புதிய தலைமுறைப் புராசஸருக்குச் செலவு செய்யலாம். அப்படி ஒரே ஒரு ஆட்டம்தான் இருக்கிறது என்றால் அந்தப் பெயரைத் தாளிலிருந்து அடித்துவிடுவது மேல்.

வேகம் மிச்சமிருந்தால் அதற்கும் ஒரு நல்ல பயன் உண்டு. ரெட்ரோஆர்ச் என்ற மென்பொருளில் ‘ரன்-அஹெட்’ என்ற வசதி இருக்கிறது. பட்டனை அழுத்தியதற்கும் திரையில் கை அசைவதற்கும் இடையே ஆட்டத்துக்குள்ளேயே இருக்கும் ஓரிரு பிரேம் தாமதத்தை அது முன்கூட்டிக் கணக்கிட்டுக் குறைக்கிறது. ஒரு பிரேமைக் காட்ட இரண்டு மூன்று பிரேம் கணக்குப் போட வேண்டியிருப்பதால் புராசஸருக்குச் சுமை கூடும். நான் ஐ5-ஐச் சொல்வதற்கு இது முக்கியக் காரணம்: ஆட்டம் ஓடினால் போதாது, கை சொன்னதை உடனே கேட்க வேண்டும்.

ராஸ்பெர்ரி பை என்ற சிறு கணினி பற்றிப் பலர் கேட்பார்கள். பை 4 (2019) காப்காம், நியோ ஜியோ ஆட்டங்களை நன்றாகவே ஓட்டும். பை 5 (2023) இன்னும் வேகம். உள்ளங்கையில் அடங்கும், சத்தமில்லை. ஆனால் மின்சாரம் பட்டென்று போனால் மெமரி கார்டில் உள்ள கோப்புகள் கெட்டுப்போகும் ஆபத்து அதிகம். மூடிய மரப்பெட்டிக்குள் மே மாதச் சூட்டில் பை 5-க்கு விசிறி கட்டாயம் வேண்டும், 5 வோல்ட் 5 ஆம்பியர் தரும் அதற்கென்றே உள்ள அடாப்டரும் வேண்டும். போர்டு, அடாப்டர், விசிறி, உறை, கார்டு என்று எல்லாவற்றையும் கூட்டினால் பழைய ஐ5 கணினியின் விலைக்குப் பக்கத்தில் வந்து நிற்கும். மேசை மேல் வைக்கும் மிகச் சிறிய பெட்டி என்றால் பை சரி. மற்ற எல்லாவற்றுக்கும் பழைய அலுவலகக் கணினியையே சொல்வேன்.

ராம் 8 ஜிபி, 240 ஜிபி எஸ்எஸ்டி. இதற்கு மேல் யோசிக்க ஒன்றுமில்லை. முஸ்தபா முழுவதும் சில மெகாபைட்டுக்குள் அடங்கும். பழைய ஹார்ட் டிஸ்க்கை மட்டும் வைக்காதீர்கள். பட்டன்களைக் குத்தும் குத்தில் பெட்டியே அதிரும். தனி கிராபிக்ஸ் கார்டும் வேண்டாம். புராசஸருக்குள் இருக்கும் இன்டெல் கிராபிக்ஸே 384-க்கு 224 புள்ளிப் படத்தைக் காட்டப் போதும். பழைய டிவியின் வரிகளையும் வளைவையும் அச்சு அசலாகக் காட்டும் கனமான ஷேடர்களைப் போட ஆசைப்பட்டால் அந்த இன்டெல் கிராபிக்ஸ் திணறும். இலகுவான ஷேடர்கள் உண்டு, அவற்றிலேயே நிறைவாக இருக்கும்.

எங்கே வாங்குவது

சயான் ஸ்டேஷனில் ஸ்லோ வண்டி பிடித்தால் மாட்டுங்காவுக்கு அடுத்தது தாதர். அங்கே மேம்பாலம் ஏறி வெஸ்டர்ன் லைனுக்கு மாறினால் கிராண்ட் ரோடு. ஸ்டேஷனுக்குக் கிழக்கே இறங்கி நடந்தால் லேமிங்டன் ரோடு. பெயர்ப்பலகையில் டாக்டர் தாதாசாகேப் பட்கம்கர் மார்க் என்று இருக்கும். ஞாயிற்றுக்கிழமை பெரும்பாலான கடைகள் மூடியிருக்கும், சனிக்கிழமை மாலை நெரிசல். வார நாளில் மதியத்துக்கு முன் போனால் கடைக்காரர் நின்று பேசுவார்.

பழைய கணினியை வாங்கும்போது கடையிலேயே அரை மணி நேரம் ஓட விடுங்கள். பேட்டோசெரா என்ற இலவச இயங்குதளத்தை முன்னதாகவே ஒரு பென்டிரைவில் ஏற்றிக் கையோடு கொண்டுபோங்கள். அது பென்டிரைவிலிருந்தே நேரடியாகக் கிளம்பும், கணினியில் எதையும் நிறுவ வேண்டியதில்லை. படம் வருகிறதா, ஒலி வருகிறதா, யூஎஸ்பி துளைகள் அத்தனையும் வேலை செய்கின்றனவா என்று அங்கேயே தெரிந்துவிடும். பயாஸுக்குள் நுழையப் பாஸ்வேர்டு கேட்டால் அந்தக் கணினியை விட்டுவிடுங்கள். பழைய நிறுவனம் போட்ட பூட்டு அது, பிற்பாடு தலைவலி. மூடியைத் திறக்கச் சொல்லி மதர்போர்டில் கெப்பாசிட்டர்கள் உப்பியிருக்கின்றனவா என்று பாருங்கள். நேரம் தப்பாகக் காட்டினால் சிஆர்2032 பேட்டரி தீர்ந்திருக்கும், அது சின்ன விஷயம்.

இந்த அலுவலகக் கணினிகளில் ஒரு குறை உண்டு. டெல்லும் எச்பியும் தங்கள் சிறிய பெட்டிகளுக்குச் சொந்த வடிவத்தில் எஸ்எம்பிஎஸ் வைக்கின்றன. சாதாரணக் கடையில் கிடைக்கும் எஸ்எம்பிஎஸ் அதில் பொருந்தாது. அதனால் எஸ்எம்பிஎஸ் விசிறியின் சத்தத்தைக் காது கொடுத்துக் கேட்டு வாங்குங்கள், அதே மாடலுக்கு மாற்று கிடைக்குமா என்றும் விசாரித்து வையுங்கள். பில் கேளுங்கள். ‘டெஸ்டிங் வாரண்டி’ என்று சொல்லி விற்றால், கடையில் ஓடிக் காட்டியதோடு அவர் பொறுப்பு முடிந்தது என்று அர்த்தம்.

குர்லாவிலும் தாராவியிலும் மின்கழிவு பிரிக்கும் இடங்களில் இதைவிட மலிவாகவும் கிடைக்கும். ஸ்பீக்கர், விசிறி, கேபிள் போன்றவற்றுக்கு அங்கே போகலாம். எஸ்எம்பிஎஸ், மானிட்டர் இரண்டையும் அங்கே வாங்காதீர்கள்.

விண்டோஸா லினக்ஸா என்ற கேள்விக்கு என் பதில் லினக்ஸ் வகையான பேட்டோசெரா. விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்தது. விண்டோஸ் 11 இந்தப் பழைய புராசஸர்களை ஏற்பதில்லை. காப்காம் விற்கும் தொகுப்புகளை வாங்கி ஆடுவதுதான் உங்கள் திட்டம் என்றால் விண்டோஸ் வேண்டும். அப்போது எட்டாம் தலைமுறை இன்டெல்லிலிருந்து பாருங்கள்.

தொகுப்புகளைப் பற்றி இன்னும் ஒன்று. மேம் இலவசம், ஆட்டங்கள் இலவசம் அல்ல. 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம் நிரல்களையும் காக்கிறது. பழைய சரக்கு என்பதால் உரிமை தீர்ந்துவிடாது. காப்காம் 2018இல் வெளியிட்ட அடிதடி ஆட்டத் தொகுப்பில் ‘ஃபைனல் ஃபைட்’, ‘கேப்டன் கமாண்டோ’ உட்பட ஏழு ஆட்டங்கள் உண்டு. முஸ்தபா அதில் இல்லை. அது மார்க் ஷுல்ட்ஸ் வரைந்த காமிக்ஸிலிருந்து உரிமை பெற்று எடுத்த ஆட்டம். ‘கிரிட்லீ’, ‘ராபி ரோட்டோ’ போன்ற சில ஆட்டங்களை உரிமையாளர்களே இலவசமாகத் தந்திருக்கிறார்கள், மேம் தளத்திலேயே கிடைக்கும். பெட்டியைச் சோதிக்க அவை போதும். கடையில் ‘பத்தாயிரம் ஆட்டம் ஏற்றித் தருகிறேன்’ என்று விற்கும் கார்டை வாங்காதீர்கள்.

திரை

பார்லர் பெட்டிகளில் இருந்தது பழைய கண்ணாடிக்குழாய் டிவி. அந்த ஒளியும் உடனடித் தன்மையும் எல்சிடியில் முழுதாக வராது என்பது உண்மை. ஆனாலும் புதிதாகத் தொடங்குகிறவருக்குக் குழாய் வேண்டாம் என்றே சொல்வேன். கனம், ஆழம், பழுது பார்க்க ஆள் கிடைக்காமை எல்லாம் ஒருபுறம். குழாயின் உயர்மின்னழுத்தம் இருபதாயிரம் வோல்ட்டைத் தாண்டும், சுவிட்சை அணைத்த பிறகும் மின்னேற்றம் நிற்கக்கூடும். குழந்தைகள் இருக்கும் வீட்டில் பின்பலகை திறந்த பெட்டிக்குள் அதை வைப்பது தவறு.

எல்சிடியில் அளவைப் பொறுத்துப் பலர் ஏமாறுகிறார்கள். பழைய ஆட்டங்களின் படம் 4-க்கு 3 விகிதம். 24 அங்குல அகலத்திரை வாங்கினால் கண்ணாடியின் அகலம் கிட்டத்தட்ட 21 அங்குலம். ஆனால் ஆட்டத்தின் படம் நடுவில் 15.7 அங்குலம் மட்டுமே பிடிக்கும். இருபுறமும் கறுப்பு. பழைய 19 அங்குலச் சதுர மானிட்டரில் படத்தின் அகலம் 14.8 அங்குலம். ஓர் அங்குலம்தான் வித்தியாசம், ஆனால் உங்கள் பெட்டி ஆறு அங்குலம் ஒடுங்கும். ஹாலின் மூலையில் நிற்கப்போகும் பெட்டிக்கு அந்த ஆறு அங்குலம் பெரிது.

அந்த 19 அங்குல மானிட்டருக்கு இன்னொரு அனுகூலம். அதன் புள்ளிகள் 1280-க்கு 1024. அதில் 4-க்கு 3 படம் 1280-க்கு 960 பிடிக்கும். காப்காம், நியோ ஜியோ ஆட்டங்களின் உயரம் 224 வரி. நான்கால் பெருக்கினால் 896, உள்ளே கச்சிதமாக அடங்கிவிடும். முழு எண்ணால் பெருக்கிய படத்தில் வரிகள் ஒரே தடிமனில் வரும், ஓடும்போது மினுமினுக்காது. இந்த மானிட்டர்களில் விஜிஏ துளையும் டிவிஐ துளையும் இருக்கும். ஆப்டிபிளெக்ஸில் விஜிஏ இருந்தால் மாற்றி எதுவும் இல்லாமல் நேரே இணைக்கலாம். டிஸ்ப்ளேபோர்ட்டிலிருந்து டிவிஐக்குப் போகும் கேபிள் கிடைத்தால் படம் இன்னும் தெளிவு.

பழைய மானிட்டரைக் கடையில் முழு வெள்ளைத் திரையில் பாருங்கள். ஏற்றியதும் செம்மஞ்சளாக வந்து நெடுநேரம் கழித்தே வெளுத்தால் பின்விளக்கு தேய்ந்துவிட்டது. பிறகு உட்கார்ந்து கீழிருந்தும், நின்று மேலிருந்தும் பாருங்கள். ஆர்கேட் பெட்டியில் திரை சாய்ந்திருக்கும். மலிவான டிஎன் பேனல் கீழிருந்து பார்த்தால் இருண்டுவிடும், உயரம் குறைந்த பிள்ளைக்குப் படமே தெரியாது. ஐபிஎஸ் பேனல் என்றால் கண்ணை மூடிக்கொண்டு எடுங்கள். பேக்-மேன், கலாகாவுக்காகத் திரையை நிமிர்த்தி வைக்கப்போகிறவர்களுக்கு ஐபிஎஸ் கட்டாயம்.

வசதியிருந்து புது மானிட்டரே வாங்குவதானால் ஃப்ரீசிங்க் வசதியுள்ளதைப் பாருங்கள். பழைய போர்டுகள் சரியாக 60 ஹெர்ட்ஸில் ஓடியவை அல்ல. காப்காம் போர்டு 59.6, பேக்-மேன் 60.6, ‘ஆர்-டைப்’ 55, ‘மார்ட்டல் காம்பாட்’ 54.7. கறாராக 60-இல் நிற்கும் மானிட்டரில் இவை அவ்வப்போது ஒரு குலுக்குக் குலுக்கும். ஆட்டத்தின் வேகத்துக்கு மானிட்டர் இறங்கிவந்தால் அது இருக்காது. ஆனால் கணினியின் கிராபிக்ஸும் அதற்கு ஒத்துழைக்க வேண்டும். மேலே சொன்ன பழைய இன்டெல்லில் இது நடக்காது. எல்லோருக்கும் வேண்டிய செலவல்ல இது. டிவியைப் பயன்படுத்துகிறவர்கள் ‘கேம் மோடு’ இல்லாத டிவியைத் தொடவே வேண்டாம்.

கை

பணத்தை மிச்சம் பிடிக்கக் கூடாத இடம் இது. ஜப்பானின் சன்வா, செய்மிட்சு ஜாய்ஸ்டிக்குகள் விலை அதிகம்தான்; சீனத்து நகல்கள் நாலில் ஒரு பங்குக்குக் கிடைக்கும். நகலிலும் ஆடலாம். ஆனால் சில மாதத்தில் ஸ்பிரிங் தளர்ந்து, மைக்ரோசுவிட்ச் இரட்டை அழுத்தமாகப் பதிவு செய்யத் தொடங்கும். கணினியில் ஐ5-க்குப் பதில் ஐ7 வாங்க நினைத்த பணத்தை இங்கே திருப்புங்கள். முதல் ஆட்டக்காரருக்காவது அசல் ஜாய்ஸ்டிக் வாங்குங்கள். இரண்டாமவருடையதைப் பிறகு மாற்றிக்கொள்ளலாம், துளை அளவு ஒன்றுதான்: பட்டனுக்கு 30 மிமீ, ஸ்டார்ட், காய்ன் பட்டனுக்கு 24 மிமீ.

பட்டன்களைக் கணினியோடு சேர்ப்பது என்கோடர். ‘ஜீரோ டிலே’ என்ற பெயரில் விற்கும் பச்சை போர்டுதான் எங்கும் கிடைக்கிறது. அதில் தாமதம் உண்டு; கணினி சாதாரணமாக 8 மில்லிசெகண்டுக்கு ஒருமுறைதான் அதைக் கேட்கிறது. அதைவிடத் தொல்லை, ஒரே மாதிரி இரண்டு போர்டு போட்டால் சில நாள் கணினி கிளம்பும்போது முதல் ஆட்டக்காரரும் இரண்டாமவரும் இடம் மாறிவிடுவார்கள். 2021இல் வந்த ராஸ்பெர்ரி பை பிக்கோ என்ற மலிவான சின்னப் போர்டில் ஜிபி2040-சிஇ என்ற இலவச மென்பொருளை ஏற்றினால் மில்லிசெகண்டுக்கு ஒருமுறை பேசும் என்கோடர் கிடைக்கும். ஒரு நாள் மாலை சால்டரிங் செய்யத் தயாராக இருப்பவர்களுக்கு இதுவே என் முதல் தேர்வு. சால்டரிங் வேண்டாம் என்றால் அல்டிமார்க்கின் ஐ-பேக். இரண்டு ஆட்டக்காரர்களையும் ஒரே போர்டில் சேர்த்து விசைப்பலகையாகக் காட்டிக்கொள்வதால் இடம் மாறும் பிரச்சினையே இல்லை.

ஒயர் முனையில் செருகும் தகட்டு இணைப்பிகள் 2.8 மிமீ, 4.8 மிமீ என்று இரண்டு அளவு. பட்டனை முதலில் வாங்கி, அதன் காலை அளந்து, பிறகு ஒயர் வாங்குங்கள். பேக்-மேன் உங்கள் தாளில் இருந்தால் ஜாய்ஸ்டிக்கின் அடியில் உள்ள கேட் தகட்டை நான்கு திசைக்கு மாற்ற முடியுமா என்று கேளுங்கள். எட்டுத் திசை ஜாய்ஸ்டிக்கில் பேக்-மேன் திருப்பத்தில் நின்றுவிடும், பிள்ளைகள் ஆட்டம் மோசம் என்று போய்விடுவார்கள்.

ஒலிக்கு யூஎஸ்பியிலிருந்து மின்சாரம் எடுக்கும் சின்ன ஆம்ப்ளிஃபையர் போர்டு வேண்டாம், இரைச்சல் வரும். சுவரிலிருந்து தனி மின்சாரம் எடுக்கும் இரண்டு கணினி ஸ்பீக்கர் போதும். சத்தத் திருகை வெளியே எட்டும் இடத்தில் வையுங்கள். சொசைட்டியில் பக்கத்து வீட்டுச் சுவர் அரையடிதான்.

மழையும் மின்சாரமும்

சயானில் மின்சாரம் பெஸ்ட் நிறுவனத்துடையது. சாதாரண நாளில் மின்வெட்டு அபூர்வம். ஆனால் ஜூலையில் காந்தி மார்க்கெட்டும் சயான் 24ஆம் நம்பர் ரோடும் தண்ணீரில் நிற்கும் இரவுகளில் நிலைமை வேறு. பாதுகாப்புக்காக மின்சாரத்தை நிறுத்துவதும் உண்டு. 2005 ஜூலை 26 அன்று சாந்தாகுரூஸில் 944 மிமீ கொட்டியதை இந்த வட்டாரத்தில் யாரும் மறக்கவில்லை. தரைத்தளத்தில் இருப்பவர்கள் கணினி, எஸ்எம்பிஎஸ், ஸ்பைக் பஸ்டர் மூன்றையும் பெட்டியின் அடியில் வைக்காமல் திரைக்குப் பின்னால் உயரத்தில் ஒரு தட்டில் வையுங்கள். மேசை மேல் வைக்கும் பெட்டி என்றால் இந்தக் கவலை பாதி குறையும்.

பழைய அலுவலகக் கணினியும் 19 அங்குல மானிட்டரும் சேர்ந்து 100 வாட்டைச் சுற்றித்தான் எடுக்கும். சாதாரண 600 விஏ யூபிஎஸ் கணினியைப் பத்திரமாக அணைக்கும் அளவுக்குத் தாங்கும். பயாஸில் ‘ஏசி ரெகவரி’ என்ற அமைப்பை ஆனில் வைத்தால் சுவர் சுவிட்சைப் போட்டதும் கணினி தானே கிளம்பும், பெட்டிக்குள் கை விட வேண்டியதில்லை. அணைக்கும்போது மட்டும் திரையில் ஷட்டவுன் கொடுத்து, பிறகு சுவிட்ச். மூன்று பின் பிளக், உண்மையான எர்த். காய்ன் கதவு, ஜாய்ஸ்டிக் தகடு என்று கைபடும் இரும்பு எல்லாவற்றையும் எர்த்தில் சேர்க்க வேண்டும். மழைக்கால ஈரக்கையோடு பிள்ளைகள் தொடும் பெட்டி இது.

காற்றுக்குக் கீழே ஒரு திறப்பு, மேலே பின்புறம் 120 மிமீ விசிறி. இரண்டு திறப்பிலும் ஸ்டீல் வலை அடியுங்கள். இங்கே எலி ஒயரைக் கடிக்கும், கரப்பான் சூடான எஸ்எம்பிஎஸ்ஸுக்குள் குடியேறும். பிளாஸ்டிக் வலை நிற்காது. ஜூன் முதல் செப்டம்பர் வரை ஆடாவிட்டாலும் வாரத்துக்கு ஒருமுறை ஒரு மணி நேரம் ஓட விடுங்கள். அந்தச் சூடு ஈரத்தை விரட்டும், மைக்ரோசுவிட்சின் முனைகளில் பச்சை பிடிப்பதும் குறையும்.

வாங்கும் வரிசை இதுதான். முதலில் ஒரு ஜாய்ஸ்டிக், ஆறு பட்டன், ஒரு என்கோடர். அட்டைப்பெட்டியில் துளை போட்டு மாட்டி, வீட்டில் இருக்கும் லேப்டாப்பிலேயே ஆடிப் பாருங்கள். கை திருப்தியானால் மானிட்டர். அதற்குப் பிறகு கணினி. கடைசியாக ஸ்பீக்கர், விசிறி, யூபிஎஸ். எல்லாவற்றையும் மேசை மேல் பரப்பி இரண்டு வாரம் ஆடுங்கள். கெட்டுப்போகும் பழைய சரக்கு பெரும்பாலும் அதற்குள் காட்டிக்கொடுத்துவிடும். பிறகு மானிட்டரின் சட்டத்தைக் கழற்றி அதன் அகலம், உயரம், ஆழம், பின்னால் கேபிள் வளைய வேண்டிய இடம் ஆகியவற்றை மில்லிமீட்டரில் அளந்து தாளின் பின்பக்கத்தில் எழுதி வையுங்கள். ஆசாரி பிளைவுட்டை அறுக்கக் கேட்கும் முதல் அளவு அதுதான்.